மஞ்சள் படிந்த முகப்பு விளக்கு

முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்

காசிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் எவரும் தம் முதல் மார்கழியை மறப்பதில்லை. ஊரில் மார்கழிப் பனி என்றால் வாசற்கோலத்தின்மேல் படியும் ஈரம். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். இங்கோ கங்கைச் சமவெளி முழுவதையும் போர்த்துக்கொண்டு, நண்பகலிலும் சில நாள் கலையாமல் நிற்கும் மூடுபனி. அந்தப் பனியில், சென்ற ஆண்டு மார்கழி இரவொன்றில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரை நாங்கள் எல்லோரும் 'ஐயா' என்று அழைப்போம். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரைத் தம் காரில் ஏற்றிச் சென்று நிலையத்தில் விட்டுவருவதை ஒரு கடமையாகவே கொண்டிருக்கிறார். கார் பன்னிரண்டு ஆண்டுப் பழையது. அன்றிரவும் மூட்டை முடிச்சுகளுடன் மூவர் ஏறிக்கொண்டோம். கங்கையைக் கடந்து, இராம்நகர் வழியே, 2018-இல் பெயர் மாறியும் நாம் இன்னும் முகல்சராய் என்றே சொல்லிவரும் அந்தச் சந்திப்பு நிலையத்திற்குப் போய்க்கொண்டிருந்தோம்.

வழியில் ஐயா காரை நிறுத்தி, "தம்பி, இறங்கிப் பார். விளக்கு எரிகிறதா?" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. மஞ்சள் துணியால் மூடிய அரிக்கேன் விளக்கைப் போல, தம்மைத் தாமே காட்டிக்கொண்டனவே தவிரச் சாலையைக் காட்டவில்லை. திரும்ப ஏறி அமர்ந்து நூறு கெஜம் போவதற்குள், பால் கேன்கள் கட்டிய சைக்கிள் ஒன்று பனிக்குள்ளிருந்து வண்டியின் முன் தோன்றியது. ஐயா பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பாராமல் போய்விட்டார். மிச்ச வழி முழுவதும் எங்களில் ஒருவரும் பேசவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியதும் ஐயா என்னை அழைத்து, "நீ வேதியியல் படிப்பவன் அல்லவா? இதற்கு ஒரு வழி செய்" என்றார். யாரோ சொல்லக் கேட்டிருந்த முறைப்படி, பற்பசையும் பழந்துணியும் கொண்டு இரண்டு மணி நேரம் தேய்த்தேன். விளக்குகள் பளபளத்தன. ஐயாவின் முகமும் மலர்ந்தது. "இனிக் கவலை இல்லை, ஐயா" என்று உறுதி கூறினேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கலாகாது.

கோடை விடுமுறை கழித்து ஆடி மாதம் வந்து பார்த்தபோது, காரின் முன்புறம் நசுங்கியிருந்தது. மழை இரவொன்றில், சாலையோரம் நின்ற செங்கல் வண்டி ஒன்றில் மோதியிருந்தார். ஆளுக்குத் தீங்கில்லை. "வயதாகிவிட்டது, தம்பி; கண் சரியாகத் தெரிவதில்லை" என்று தம்மையே நொந்துகொண்டார். விளக்குகளைப் பார்த்தேன். முன்னினும் அதிகமாக மஞ்சளித்திருந்தன. குறை அவர் கண்ணில் இல்லை. என் வேலையில் இருந்தது.

அது ஏன் திரும்பவும் மஞ்சளித்தது? பன்னிரண்டு ஆண்டில் வந்த நோய், தேய்த்தபின் ஐந்தாறு மாதத்தில் முன்னினும் கடுமையாக வந்தது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை தெரிந்தவர் முகப்பு விளக்கைச் சரியாகச் செப்பனிட்டுவிடலாம். விடை தெரியாதவர் எத்தனை முறை தேய்த்தாலும் பயன் இல்லை.

கண்ணாடி போய்ப் பிளாஸ்டிக் வந்தது

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரின் வட்ட விளக்குகள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவற்றின் முகம் கண்ணாடி. கல்பட்டால் உடையும், ஆனால் எத்தனை ஆண்டு வெயிலில் நின்றாலும் மஞ்சளிக்காது. அமெரிக்க நாட்டில் 1940 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், முழுதும் மூடிய கண்ணாடி விளக்குகளே சட்டப்படி அமைந்திருந்தன. 1983-இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதன்பின் பிளாஸ்டிக் மூடிகள் பரவின. இன்று ஏறத்தாழ எல்லாப் புதிய கார்களிலும் பிளாஸ்டிக் மூடிதான்.

அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னெல் என்பாரும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் ஃபாக்ஸ் என்பாரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே இதனைக் கண்டனர். குறுந்தகடுகள் இதனால் ஆனவை. ஆய்வுக்கூடத்தில் நாம் அணியும் பாதுகாப்புக் கண்ணாடிகளிற் பலவும் இதனால் ஆனவையே.

விளக்கு செய்வோர் இதனை விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. இதன் அடர்த்தி 1.2, கண்ணாடியின் அடர்த்தியோ 2.5. ஆகவே எடையிற் பாதி. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் நொறுங்காது. உருக்கி வார்த்தால் எவ்வடிவமும் கொள்ளும். காரின் முகத்தோடு முகமாக வளைந்து செல்லும். இத்தனை நற்குணங்களுக்கும் ஈடாக இதற்கு இரண்டு குறைகள். ஒன்று, மேற்பரப்பு மென்மையானது. மணல் பட்டாலே கீறும். மற்றொன்று, வெயிலைத் தாங்காது.

வெயில் செய்யும் வேலை

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்குக் கீழே உள்ளவை புற ஊதாக் கதிர்கள். கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாவில் மிகக் கொடியதை வளிமண்டலத்தின் ஓசோன் வடிகட்டிவிடுகிறது. எனினும் ஏறத்தாழ 295 நானோமீட்டருக்கு மேற்பட்டது நிலத்தை வந்தடைகிறது. பாலிகார்பனேட்டின் துரதிருஷ்டம், அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள பென்சீன் வளையங்கள் அந்த எல்லையை ஒட்டிய கதிர்களை உறிஞ்சவல்லவை.

உறிஞ்சிய ஆற்றல் சும்மா இராது. சங்கிலியின் பிணைப்பு சில இடங்களில் அறுகிறது. அறுந்த முனைகள் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இதனை வேதியியலார் ஒளி-ஃபிரைஸ் மாற்றம் என்பர். வேறு சில முனைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. இவ்வாறு பிறக்கும் புதுப் பொருள்கள் நீல ஒளியை விழுங்கும் இயல்புடையன. வெள்ளொளியில் நீலத்தைக் கழித்தால் எஞ்சி நிற்பது மஞ்சள். ஆகவே, விளக்கின்மேல் நாம் காணும் மஞ்சள் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. அந்தப் பிளாஸ்டிக்கே மாறிப்போன நிலை. சோப்பு நீரால் அது போகாததன் காரணம் இதுவே.

சங்கிலி அறுந்த மேற்பரப்பு நொறுங்குந் தன்மை அடைகிறது. பகலில் விரிந்து இரவிற் சுருங்கும்போது மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. சாலைப் புழுதி அவற்றை மேலும் உரசுகிறது. மஞ்சளோடு மங்கலும் சேர்கிறது. மஞ்சள் ஒளியை விழுங்குகிறது. மங்கல் ஒளியைச் சிதறடிக்கிறது. சாலையில் விழவேண்டிய ஒளி, எதிரே வருபவர் கண்ணிற் போய் விழுகிறது. நமக்கும் தெரியாமல், அவருக்கும் தெரியாமல் போவதற்கு இதுவே வழி.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. புற ஊதாவை மேற்பரப்பே உறிஞ்சிவிடுவதால், கேடு ஆழத்திற்குச் செல்வதில்லை. மூடியின் பருமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர். கெட்டுப்போனதோ மேலே உள்ள மெல்லிய தோல் மட்டுமே. பெரும்பாலும் நாம் எழுதும் தாளின் பருமனைக்கூட எட்டாது. அதன் கீழே உள்ள பாலிகார்பனேட் புதிதாகவே இருக்கிறது. தேய்த்துச் செப்பனிடுதல் இயல்வது இதனாலேதான்.

ஐயாவின் காரில் ஒன்று கவனித்தேன். வலப்பக்க விளக்கு இடப்பக்கத்தைவிட அதிகம் மஞ்சளித்திருந்தது. வீட்டுச் சுவரோரம் கிழக்கு நோக்கியே எப்போதும் நிறுத்துவார். கிழக்கு நோக்கி நிற்கும் காரின் வலப்புறம் தெற்கு. நாம் வாழும் வடகோளத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. வேறு சான்றும் வேண்டுமோ?

நான் செய்த பிழை

இங்கே ஓர் ஐயம் எழும். வெயிலுக்கு ஆற்றாத பொருளைத் தெரிந்தே வெயிலில் வைப்பார்களா? வைக்கவில்லை. தொழிற்சாலையிலேயே இம்மூடியின்மேல் ஒரு காப்புப் பூச்சு இடுகிறார்கள். அது சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் வகையைச் சேர்ந்தது, கடினமானது, புற ஊதாவை விழுங்கும் பொருள்கள் கலந்தது. அதன் பருமன் சில மைக்ரான்களே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய பூச்சுதான் காரை இத்தனை ஆண்டு காத்து நின்றது. வெயிலை அது தான் ஏற்று, தான் தேய்ந்து, இறுதியில் செதில் செதிலாக உரிந்துபோகிறது. அது போன இடத்தில்தான் மஞ்சள் தொடங்குகிறது.

நான் பற்பசையால் தேய்த்தபோது என்ன செய்தேன்? பற்பசையில் சிலிக்கா, சுண்ணாம்பு போன்ற நுண்ணிய துகள்கள் உள்ளன. அவை மேலிருந்த மாவு போன்ற படலத்தை நீக்கின, பளபளப்பு வந்தது. ஆனால் பழைய பூச்சில் எஞ்சியிருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். காப்பு எதுவும் இல்லாத வெறும் பாலிகார்பனேட்டைச் சித்திரை, வைகாசி வெயிலுக்குக் கொடுத்தேன். குடை பிடித்து நின்றவரின் கிழிந்த குடையை வாங்கி எறிந்துவிட்டு, புதுக்குடை கொடாமல் வெயிலில் அனுப்பியது போன்றது அது. பன்னிரண்டு ஆண்டில் வந்தது ஐந்தாறு மாதத்தில் வந்ததன் காரணம் இதுவே.

ஆகவே முதலிற் கொள்ளவேண்டிய பாடம்: தேய்ப்பது பாதி வேலை, பூசுவதே மறுபாதி. பூசாமல் விடுவதானால் தேய்க்காமல் இருப்பதே மேல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஏ.ஏ.ஏ. என வழங்கும் அமெரிக்க மோட்டார் சங்கம் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மங்கிப்போன பழைய விளக்குகள், புதிய விளக்கு தரவல்ல ஒளியில் 22 விழுக்காடே தந்தன என்றும், தேய்த்துச் செப்பனிட்டபின் அது ஏறத்தாழ 70 விழுக்காடாக உயர்ந்தது என்றும் அதிற் கண்டனர்.

இவ்வெண்களின் பொருள் என்ன? ஒரு பொருளின்மேல் விழும் ஒளியின் செறிவு, தொலைவின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியிற் படித்தோம். புதிய விளக்கில் 100 மீட்டர் தொலைவில் கண்ணுக்குப் புலனாகும் மனிதன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். ஒளி 22 விழுக்காடானால், அதே அளவு வெளிச்சம் அவன்மேல் விழ, அவன் 47 மீட்டருக்குள் வரவேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் ஓடும். கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகுமெனில் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. கண்டது 47 மீட்டரில். நின்றது 45 மீட்டரில். இடையில் இருப்பது இரண்டே மீட்டர். மழை பெய்து நனைந்த சாலையில் பிரேக் தூரம் இருமடங்கானால், அந்த இரண்டு மீட்டரும் இல்லை. ஐயாவின் கார் செங்கல் வண்டியில் மோதிய இரவும் மழை இரவுதான்.

70 விழுக்காட்டு ஒளியில் அதே மனிதன் 84 மீட்டரில் தெரிவான். புதிய விளக்குக்கு இது நிகராகாது; ஆனால் உயிர் காக்கப் போதும்.

முதலில் நோயை அறிக

எல்லா மங்கலும் தேய்த்தால் தீருவதில்லை. ஆகவே தாளைக் கையில் எடுக்குமுன் மூன்று சோதனைகள் செய்க.

முதலாவது, மூடியை நன்றாகக் கழுவி விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் கேடு வெளிப்புறம். வழுவழுப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால், கேடு உள்ளே இருக்கலாம். உள்ளே நீராவி படிவதும், பின்னாலுள்ள வெள்ளிப்பூச்சு கருகிப்போவதும் உண்டு. இவற்றிற்கு வெளியே தேய்த்துப் பயனில்லை.

இரண்டாவது, மூடியின்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்தவுடன் மங்கல் பெரிதும் மறைந்துவிடுமானால் மகிழ்க. கீறல்களின் பள்ளத்தை நீர் நிரப்புவதால் ஒளிச்சிதறல் குறைகிறது. அதாவது கேடு மேற்பரப்புக் கீறல் மட்டுமே. நனைந்த பின்னும் மஞ்சள் நிற்குமானால், அந்தத் தோலையே உரித்தெடுக்க வேண்டும் என்பது பொருள்.

மூன்றாவது, சிலந்தி வலை போன்ற வெடிப்புகள் ஆழமாக ஓடுகின்றனவா என்று வெயிலிற் சாய்த்து நோக்குக. நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமானவை தேய்த்துப் போகா. அத்தகைய விளக்கை மாற்றுவதே முறை.

செய்முறை

வேண்டுவன: 600, 1000, 2000 எண்ணுள்ள உப்புத்தாள்கள், நீரில் நனைத்துத் தேய்க்கும் வகை. நம்மூர்ப் பட்டறைகளில் இதனை வாட்டர் பேப்பர் என்பர். காசிக் கடைகளில் 'ரேக்மால்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இவற்றோடு மாஸ்கிங் டேப், ஒரு வாளித் தண்ணீர், சிறிது சோப்பு, தூய பஞ்சுத் துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இறுதியில் பூசும் காப்புப் பூச்சு. தூசி மூக்கில் ஏறாதிருக்க முகமூடியும், கைக்கு உறையும் இருத்தல் நலம். எனக்கு எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது.

தாளின் எண் ஏற ஏற, அதில் ஒட்டிய துகள் சிறிதாகும். 600 எண் தாளின் துகள் சுமார் 26 மைக்ரான். 1000 எண்ணுக்குச் சுமார் 18. 2000 எண்ணுக்குச் சுமார் 10. ஒவ்வொரு தாளும் முந்திய தாளின் கீறலை அழித்துத் தன் சிறிய கீறலை விட்டுச் செல்கிறது. கீறலைப் போக்குகிறோம் என்பதைவிட, பெரிய கீறலைக் கொடுத்துச் சிறிய கீறலை வாங்குகிறோம் என்பதே பொருந்தும்.

முதலில் மூடியைச் சோப்பு நீரால் கழுவுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் அது 600 எண் தாளைவிடக் கொடியது. சுற்றியுள்ள வண்ணத்தின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுக.

பிறகு 600 எண் தாளைக் கால்மணி நேரம் நீரில் ஊறவைத்து, மூடியையும் நனைத்துக்கொண்டு, இடவலமாக ஒரே சீராகத் தேய்க்கவும். வட்டமாகத் தேய்க்க வேண்டா. முதலில் வழியும் நீர் மஞ்சள் கலந்து குழம்பாக இருக்கும். அது பழைய பூச்சும் கெட்ட தோலும். அடிக்கடி நீர் ஊற்றுக. நீர் பால் போல் வெண்மையாக வழியத் தொடங்கினால் நல்ல பாலிகார்பனேட்டை எட்டிவிட்டோம் என்பது பொருள். பழைய பூச்சு திட்டுத் திட்டாக எங்கேனும் நின்றால் விடாதீர்கள். இந்த நிலையில் விளக்கு முன்னைவிட மோசமாக, பனி மூடியது போல் வெளுத்துக் காணும். அருகிருந்த ஐயா, "தம்பி, உள்ளதும் போயிற்றா?" என்று கேட்டுவிட்டார். அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து 1000 எண் தாள். இம்முறை மேலும் கீழுமாக, முன் தேய்த்ததற்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். திசை மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. இடவலக் கீறல் ஒன்றேனும் கண்ணுக்குத் தெரிந்தால் முந்திய தாளின் தடம் இன்னும் அழியவில்லை என்று அறிந்துகொள்ளலாம். பின்பு 2000 எண், மறுபடியும் இடவலமாக. ஒவ்வொரு தாளுக்கும் இடையே மூடியையும் வாளி நீரையும் மாற்றுக. பழைய துகள் ஒன்று தங்கினால் உழைப்பு வீண். ஒரு விளக்குக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மூன்றாவது தாளில் பொறுமை இழந்து, பாலிஷில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவர். 26 மைக்ரான் துகள் இட்ட பள்ளத்தைப் பாலிஷ் நிரப்பாது.

முடிந்ததும் கழுவி, உலர்த்தி, மேலே நீர் தெளித்துப் பாருங்கள். நனைந்த நிலையில் எவ்வாறு தெளிந்து தோன்றுகிறதோ, ஏறக்குறைய அவ்வாறே பூச்சு இட்டபின் தோன்றும்.

பூச்சு

பூசும் பொருளில் வகைகள் பல. டப்பாவிலிருந்து தெளிக்கும் கிளியர் கோட் ஒரு வகை. துணியால் தடவிவிடும் பூச்சு மற்றொன்று. ஒட்டிவிடும் ஒளிபுகு படலம் இன்னொன்று. எதுவாயினும் இரண்டைப் பார்த்து வாங்குக: புற ஊதாவைத் தடுப்பது என்று எழுதியிருக்க வேண்டும், முகப்பு விளக்குக்கு உரியது என்றும் இருக்க வேண்டும். சாதாரண கிளியர் கோட்டில் உள்ள கரைப்பான் சில வேளை பாலிகார்பனேட்டையே வெடிக்கச் செய்யும். புற ஊதாக் காப்பு இல்லாத பூச்சு தானும் மஞ்சளித்து உரியும்.

தெளிக்கும் பூச்சானால் 2000 எண் தாளோடு நிறுத்திவிடலாம். அந்த நுண்கீறல்களைப் பூச்சே நிரப்பும். பூச்சு பிடித்து நிற்கவும் அவை உதவும். தடவும் பூச்சுக்கும் படலத்துக்கும் 3000 எண் தாளும், பிறகு ரப்பிங் காம்பவுண்டும் கொண்டு கண்ணாடி போல் மெருகேற்ற வேண்டும். மெருகை எந்திரத்தால் ஏற்றுவோர் ஒரே இடத்தில் அழுத்தி நிற்கலாகாது. பாலிகார்பனேட் 147 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். உராய்வுச் சூடு அதற்குப் போதும்.

பூசுமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல் காக்கவும். கைரேகையின் எண்ணெய்கூடப் பூச்சை உரியச் செய்யும். கைகழுவும் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும். நிழலில், காற்றோட்டமான, ஆனால் புழுதி பறக்காத இடத்தில், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை தெளிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாகத் தெளித்தால் வழியும். ஈரக்காற்றில் தெளித்தால் பூச்சு வெளுக்கும். ஆகவே காசியில் இதற்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்து பனி தொடங்குமுன் உள்ள ஐப்பசி மாத நண்பகல். ஒரு நாள் முழுதும் நீர் படாமல் வைக்கவும்.

கடினப்படுத்தும் கலவை தனியாகச் சேர்த்துத் தெளிக்கும் பூச்சும் உண்டு. அது நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் ஆவியில் உள்ள ஐசோசயனேட்டுகள் நுரையீரலைக் கெடுப்பவை. தக்க சுவாசக் கவசம் உள்ள பட்டறையில் செய்விப்பதே நன்று. விடுதி முற்றத்தில் நாம் முயலத்தக்கது அன்று.

செய்யத் தகாதவை

பற்பசையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கொசு விரட்டும் மருந்தைத் தெளித்துத் துடைத்தால் உடனே தெளியும் என்பாரும் உளர். அது உண்மைதான். அதிலுள்ள டீட் என்னும் பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிக் கீறலை மூடுகிறது. சில நாளில் அந்த இளகிய தோல் முன்னினும் மோசமாக மங்கும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் பகை; வெடிப்பை உண்டாக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

மற்றொரு தவறு, ஒளி போதவில்லை என்று அதிக வாட் பல்பு மாட்டுவது. இயல்பாக 60/55 வாட் ஹாலஜன் இருக்குமிடத்தில் அதைவிடப் பெரியதை மாட்டினால், மங்கிய மூடி அந்த ஒளியையும் சிதறடித்து எதிரே வருபவரைத்தான் கூசச் செய்யும், மூடியும் சூடேறி மேலும் கெடும், மின்கம்பிகளும் தாங்கா. மூடுபனியில் நெடுவிளக்கைப் போடுவதும் அத்தகையதே. பனித்துளிகள் அவ்வொளியை நம் கண்ணுக்கே திருப்பிவிடும். தாழ்விளக்கும் மெதுவான வேகமுமே பனிக்கு ஏற்றவை.

முடிவாக

இவ்வாண்டு ஐப்பசி ஞாயிறு ஒன்றில், மேற்சொன்ன முறைப்படி ஐயாவின் காரைச் செப்பனிட்டோம். மார்கழியில் அதே இராம்நகர் வழியாக, அதே பனியில் மீண்டும் சென்றோம். பனி பனிதான், விளக்கு எவ்வளவு நன்றாயினும் அதனை ஊடுருவாது. ஆனால் சாலையின் ஓரக் கோடு தெரிந்தது. முன்னே போன தள்ளுவண்டி, வண்டி என்று தெரியுமளவு தொலைவிலேயே தெரிந்தது. ஐயா இறங்கிப் பார்க்கச் சொல்லவில்லை.

இம்முறை நான் அவரிடம், "இனிக் கவலை இல்லை" என்று சொல்லவில்லை. "இந்தப் பூச்சும் வெயிலில் தேயும், ஐயா. தொழிற்சாலைப் பூச்சைப் போல் பன்னிரண்டு ஆண்டு வராது. ஆண்டுதோறும் பார்ப்போம், தேய்ந்தால் மறுபடி இடுவோம். காரையும் ஒருநாள் கிழக்கே, ஒருநாள் மேற்கே நிறுத்துங்கள், நிழல் இருந்தால் நிழலில் நிறுத்துங்கள்" என்றேன். அவர் தலையசைத்து நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

நண்பர்களே, நம்மிற் பெரும்பாலோர்க்குக் கார் இல்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் உண்டு. அவற்றின் விளக்கு மூடியும் பெரும்பாலும் இதே பிளாஸ்டிக்தான், நோயும் இதே நோய்தான், மருந்தும் இதுவே. வரும் ஐப்பசியிலும் ஒரு ஞாயிறு, சங்க அறையின் முன்னுள்ள முற்றத்தில் கூடுவதாக இருக்கிறோம். தாளும் டேப்பும் பூச்சும் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குச் சிறிதளவே செலவாகும். வண்டியைக் கழுவிக்கொண்டு காலை எட்டு மணிக்கு வாருங்கள். பழைய துணியும் ஒரு வாளியும் கொண்டுவாருங்கள். பற்பசையை மட்டும் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.